பின்கட்டு ஈ

செங்கோட்டை,
ஆனி 28

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி தேவலை என்று எழுதியிருக்கிறாய், பாதி நம்புகிறேன். இங்கே சாரல் பிடித்துக்கொண்டது. ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் மலையாளத்துக் காற்றில் பத்து நாளாகத் துணி காயவில்லை.

ஈரத்தோடு ஒரு பூச்சியும் வந்து சேர்ந்தது. குளியலறைச் சுவரில், குருணை அளவில், சாம்பல் நிறத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அடித்தால் விரலில் பொடி ஒட்டும். மீனாட்சி கொசுக்குஞ்சு என்றாள். கொசுவுக்கு ஏது குஞ்சு என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். புனலூரிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா அந்துப்பூச்சி என்றார். கடைக்காரரோ காலா அசார் காய்ச்சலைப் பரப்பும் மணல் ஈ என்று பயமுறுத்தி, ஒரு மருந்தையும் தலையில் கட்டிவிட்டார்.

ஒன்றைத் தீப்பெட்டியில் பிடித்து லென்ஸின் கீழ் வைத்தேன். பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்தபோது உன்னிடம் வாங்கிய அதே லென்ஸ்தான். உடம்பெல்லாம் மயிர், பாசிமணி கோத்தது போன்ற உணர்கொம்பு, இலை வடிவ இறக்கையின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள். ஊசியால் விலக்கி எண்ணினேன்: இறக்கை இரண்டே. அந்துப்பூச்சிக்கு நான்கு உண்டே! பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போல ஒரு குமிழ். ஈதான், சந்தேகமில்லை. மணல் ஈயும் இதே சைக்கோடிடே குடும்பம்தான்; ஆனால் அது உட்காரும்போது இறக்கையைத் தூக்கி வைத்திருக்கும். இது தாழ விரித்திருந்தது. கடிக்காத வடிகால் ஈ, கிளாக்மியா ஆல்பிபங்டேட்டா.

எங்கிருந்து வருகிறது? இரவில் இரண்டு குளியலறைகளின் வடிகால் துளைகளிலும், ஒட்டும் பக்கம் கீழே இருக்க, செலோடேப்பைக் குறுக்கே ஒட்டினேன். காலையில், நாங்கள் குளிக்கும் அறையில் ஒன்றுமில்லை. மகள் கல்யாணமாகிப் போனபின் பூட்டியே கிடந்த பின்கட்டு அறையில் ஒன்பது. குழாய்க்குள் குச்சி விட்டுச் சுரண்டினால் கறுப்பு வழுவழுப்பு. அதில் நூல் போலப் புழுக்கள் நெளிந்தன. அந்தப் படலம்தான் அவற்றுக்கு வீடும் சோறும். மருந்து பறப்பதைத்தான் கொல்கிறது. முட்டை ஈயாக 1 முதல் 3 வாரம் ஆகும் என்பதால், பழைய பிரஷ்ஷால் தினமும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். வாடைக்கு மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு!

ஆடிக்கு மகள் வருகிறாள். அதற்குள் அந்த அறை ஒழுங்காகிவிடும். நீயும் வந்தால் மாடியறை காலியாக இருக்கிறது. லென்ஸைத் தபாலில் அனுப்புவதாக இல்லை. வேண்டுமென்றால் நேரில் வந்து வாங்கிக்கொள்.

அன்புடன்,
சுப்பையா