அடுக்குகளுக்கு நடுவே

அன்புள்ள பரமு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு அம்மா வாக்கர் இல்லாமல் கோயில்வரை நடந்து போய்விட்டு வந்தார் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. மூத்தவள் வேதியியல் எடுத்திருக்கிறாள் என்பதில் எனக்கு இன்னும் சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். வீடு மாறியிருக்கிறோம், ஆய்வகத்துக்கு இப்போது நடந்தே போய்விடலாம்.

"பெரோவ்ஸ்கைட் என்கிறாய், சோலார் செல்லா செய்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். இல்லையடா. பெரோவ்ஸ்கைட் என்பது ஒரு படிக அமைப்பின் பெயர். சோலார் செல்லில் ஈயம், அயோடின், மெத்தில் அம்மோனியம் எல்லாவற்றையும் ஒரே கரைப்பானில் கரைத்து, பூசி, லேசாகச் சூடு காட்டினால் போதும். கரிமமும் கனிமமும் சேர்ந்தே படிகமாகும். என்னுடையது ஆக்சைடு. நியோபியம் ஆக்சைடையும் கால்சியம், பொட்டாசியம் கார்பனேட்டுகளையும் அகேட் உரலில் அரைத்து, 1200 டிகிரிப் பக்கம் உலையில் வைத்தால்தான் அந்த அமைப்பே வரும். பொட்டாசியம் அந்தச் சூட்டில் கொஞ்சம் ஆவியாகிப் போகும் என்பதால் அதை மட்டும் கூடுதலாகப் போட வேண்டும். அந்த உலையில் எந்தக் கரிம மூலக்கூறும் தப்பாது. அதனால் முதலில் கல்லைச் செய்துகொள்கிறோம். ஆறிய பிறகு, 100 டிகிரியைத் தாண்டாத வேலையாக, மூலக்கூறை உள்ளே அனுப்புகிறோம். இந்த இரண்டாம் பாதிதான் என் வேலை.

உள்ளே இடம் இருக்கிறதா என்று கேட்பாய். நியோபியத்தைச் சுற்றி ஆறு ஆக்சிஜன் கொண்ட எண்முகிகள், மூன்று அடுக்கு கனத்தில் ஒரு தகடாக நிற்கின்றன. தகட்டுக்கு எதிர் மின்சுமை. இரண்டு தகடுகளுக்கு நடுவே பொட்டாசியம் அயனிகள் உட்கார்ந்து ஒட்டவைக்கின்றன. பிரான்சில் டியோன் குழு 1981-ல் இந்தக் குடும்பத்தை அறிவித்தது. 1985-ல் ஜேக்கப்சனும் கூட்டாளிகளும் பொட்டாசியத்தை எடுத்துவிட்டு உள்ளே அமீன்களை, அதாவது நைட்ரஜன் கொண்ட கரிம மூலக்கூறுகளை, நுழைக்கலாம் என்று காட்டினார்கள். அதனால்தான் இருவர் பெயரையும் சேர்த்து டியோன்-ஜேக்கப்சன் கட்டம் என்கிறோம். நம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. லாந்தனம் நியோபேட்டுகளையும் லாந்தனம் டைட்டனேட்டுகளையும் 1987-ல் அங்கிருந்து வெளியிட்டவர்களில் ஜே. கோபாலகிருஷ்ணன் முக்கியமானவர். இன்று உலகில் யார் இந்தத் துறையில் கை வைத்தாலும் அந்தச் சேர்மங்களைத் தொடாமல் போக முடியாது. உன் பிள்ளைகளிடம் இதைச் சொல்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். வெள்ளைப் பொடியை நைட்ரிக் அமிலத்தில் போட்டு நாள்கணக்கில் கலக்கிக்கொண்டே இருந்தால் பொட்டாசியம் வெளியே வந்து அதன் இடத்தில் ஹைட்ரஜன் அயனி போய் உட்கார்ந்துவிடும். தகடு சிதையாது. பார்வைக்கு அதே வெள்ளைப் பொடிதான், ஆனால் இப்போது அது ஒரு திட அமிலம். அமீன் காரம் என்பது உனக்குத் தெரியும். பக்கத்தில் வந்ததும் அந்த ஹைட்ரஜன் அயனியை வாங்கிக்கொண்டு அம்மோனியம் அயனியாகி அங்கேயே தங்கிவிடும். பியூட்டைல் அமீனைத் திறந்தால் மீன் நாற்றம். ஆய்வகக் கோட்டைத் துவைத்தாலும் லேசில் போகாது, வீட்டில் திட்டு வாங்குகிறேன்.

உள்ளே போயிற்றா என்பதை எக்ஸ்ஆர்டி சொல்லும், அதாவது பொடியின் மேல் எக்ஸ் கதிர் விட்டு அடுக்குகளின் இடைவெளியை அளக்கும் கருவி. பொட்டாசியம் இருந்தபோது தகடு விட்டுத் தகடு சுமார் 14.7 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). வரைபடத்தில் முதல் கோடு 6 டிகிரிக் கோணத்தில் விழும். இடைவெளி கூடினால் கோணம் குறையும். எட்டு கார்பன் சங்கிலி கொண்ட ஆக்டைல் அமீன் போன பிறகு அதே கோடு 3 டிகிரிப் பக்கம் இறங்கி வந்து நிற்கும். கார்பன் எண்ணிக்கை கூடக் கூட இடைவெளி நேர்கோட்டில் ஏறும். அந்த நேர்கோட்டின் சரிவைப் பார்ப்பதில்தான் எனக்கு அலாதி ஆசை. நிமிர்ந்து நிற்கும் சங்கிலியில் ஒரு கார்பன் கூடினால் நீளம் 1.27 ஆங்ஸ்ட்ராம் கூடும். இரண்டு தகடுகளிலிருந்தும் ஆளுக்கொரு வரிசை நேராக நின்றால் 2.54 ஏற வேண்டும். நமக்குக் கிடைப்பது 1.27-ஐவிட நன்றாக அதிகம், 2.54-ஐவிடக் கொஞ்சம் குறைவு. அப்படியென்றால் இரட்டை வரிசை, அதுவும் சாய்ந்து நிற்கிறது. கண்ணால் பார்க்க முடியாத மூலக்கூறு எப்படி நிற்கிறது என்பதைப் பள்ளிக்கூட வடிவியலே சொல்லிவிடுகிறது பார்!

ஆனால் எக்ஸ்ஆர்டி கோடு நகர்ந்தால் மட்டும் போதாது என்பது என் பிடிவாதம். மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் அமீனையும் சேர்த்துக் கணக்குக் காட்டி, கல்லும் கரிமமும் சேர்ந்த "கலப்புப் பொருள் தயார்" என்று எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நன்றாகக் கழுவி, எவ்வளவு கார்பன், எவ்வளவு நைட்ரஜன் என்று அளந்து, சூடாக்கும்போது எடை எங்கே இறங்குகிறது என்றும் பார்த்த பிறகே என் மாணவர்களை எழுத விடுகிறேன்.

இன்னொன்று, பெரிய மூலக்கூறை எடுத்த எடுப்பில் நுழைக்க முடிவதில்லை. முதலில் சின்ன அமீன் போய் இடைவெளியை அகட்ட வேண்டும், பிறகு பெரியது வந்து அதை மாற்றிக்கொள்ளும். தண்ணீரும் வேண்டும். ஒட்ட உலர்த்திய பொடி பல நேரம் அமீனைத் திரும்பிக்கூடப் பார்க்காது. டைட்டனேட்டுகள் இன்னும் அடம். அவற்றின் அமிலத்தன்மை குறைவு, அதனால் சூடும் தண்ணீரும் சேர்த்துக் கொடுத்தால்தான் இணங்கும்.

ஆல்கஹாலையும் இப்படி ஏற்றலாம். டோக்கியோ வாசேடா பல்கலைக்கழகத்தில் சுகஹாரா குழு இதைச் செய்தது. அமீன் மின்சுமையால் நிற்கிறது. ஆல்கஹாலோ தண்ணீரை வெளியேற்றிவிட்டு நியோபியம்-ஆக்சிஜன்-கார்பன் என்று சகப்பிணைப்பே போட்டுவிடும். பிளஸ் டூவில் நீ நடத்தும் எஸ்டராக்கல் மாதிரிதான். இங்கேயும் முதலில் புரொப்பனால், பிறகு டெக்கனால்.

என்ன பயன் என்று அப்பா கேட்பது போலவே நீயும் கேட்பாய். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் குழு ஒன்று இந்தக் கலப்புப் பொருள்களின் மேல் புற ஊதா ஒளி விட்டு, மெத்தனால் கலந்த தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கிறது. வெறும் அமில வடிவத்தைவிட இவை பல மடங்கு வேகமாகத் தருகின்றன. எனக்கு அதில் ஒரு கேள்வி பாக்கி: வருகிற ஹைட்ரஜனில் எவ்வளவு மெத்தனாலிலிருந்து, எவ்வளவு உள்ளே நிற்கும் அமீனே சிதைந்து வந்தது? மெத்தனாலையே போடாமல் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம், பிறகு கடைசியில் பொடியை எடுத்துக் கார்பன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளக்கலாம். அடுத்த மாதம் என் மாணவி அதைத்தான் தொடங்குகிறாள்.

டிசம்பர் விடுமுறையில் மகளைக் கூட்டிக்கொண்டு வா. எக்ஸ்ஆர்டி முன்னால் அவளையே உட்காரவைத்துக் கோட்டைக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன். ரயில் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, பொங்கல் பக்கம் வந்துவிட்டால் கிடைக்காது. அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி