கால் தேறிவிட்டது, சாலை தேறவில்லை

ஆசிரியருக்கு, வணக்கம்.

42 வயதில் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தவன் நான். மூன்றாவது மாதமே 10 கிலோமீட்டர் போட்டியில் ஓடி, பதக்கத்தோடு செல்ஃபி எடுத்து, சரி இனி 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தான்தான் என்று வாராவாரம் தூரத்தைக் கண்டபடி கூட்டினேன். விளைவு, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை விரலால் தொட்டாலே உயிர் போனது. ஆறு வாரம் ஓடக்கூடாது என்றுவிட்டார் பிசியோதெரபிஸ்ட். ஷூவின் குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்ததையும் அவர்தான் காட்டினார் (வீட்டில் முன்பே சொன்னார்கள், நான்தான் கேட்கவில்லை).

இப்போது நடையும் ஓட்டமுமாகப் போகிறேன். வெளிர் நிறச் சட்டை, எதிரே வரும் வண்டி தெரிகிற மாதிரி வலது ஓரம். அப்படியும் போன வாரம் விடிகாலையில், தப்பான பக்கத்தில் விளக்கில்லாமல் வந்த பைக் ஒன்று பின்னாலிருந்து முழங்கையை உரசிப் போனது. நாய்கள்கூடக் குரைத்துவிட்டுத்தான் வருகின்றன!

போட்டி நடத்துபவர்களுக்கு ஒன்று: மதுரை வெயிலுக்கு விடியுமுன்பே கொடியசையுங்கள். அப்புறம், கடைசியாக வருகிற எங்களைப் போன்றவர்கள் வந்து சேரும்வரை தண்ணீர் மேசையை மடக்காதீர்கள்.

- ஒரு வாசகர், மதுரை