நிலை அலைக்குக் கடல் பலகை ஒத்துவராது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செயற்கை அலைக் குளங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, கடலில் ஓட்டும் சர்ஃப் போர்டையே அங்கும் ஓட்டலாம் என்றும், கொஞ்சம் நீளமாக வாங்கினால் பத்திரம் என்றும் சொல்கிறது. தண்ணீர் ஓடினாலும் ஒரே இடத்தில் நிற்கும் நிலை அலைக்கு இரண்டுமே பொருந்தாது. கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ பழகிவிட்டு, படிக்கவோ வேலைக்கோ ஜெர்மனி பக்கம் போகிறவர்கள் இதை நம்பிப் பணத்தைக் கொட்டிவிடக் கூடாது.

முதலில் எந்த அலை என்று பார்க்க வேண்டும். சொகுசுக் கப்பல்களிலும் மலேசியாவின் சன்வே லகூன் கேளிக்கைப் பூங்காவிலும் இருப்பது ஃப்ளோரைடர். மெத்தைத் தளத்தின் மேல் சில சென்டிமீட்டர் கனத்துக்குத்தான் தண்ணீர் ஓடும். ஃபின் (பலகையின் அடியில் வால்பக்கம் நிற்கும் துடுப்பு) வைத்த பலகைக்கு அங்கே வேலையே இல்லை. அவர்கள் தரும் ஃபின் இல்லாத சின்னப் பலகை போதும். மியூனிக்கை ஒட்டிய டௌஃப்கிர்ஷனில் உள்ள சிட்டிவேவ், மியூனிக் நகருக்குள்ளேயே ஓடும் ஐஸ்பாக் ஓடை போன்றவை ஆழநீர் அலைகள். ஃபின் உள்ள நிஜமான பலகை அங்கேதான் தேவைப்படுகிறது. கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டாம் வகைக்கு.

கடலில் அலை ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடும். இங்கே அலை நின்ற இடத்திலேயே நிற்கும், தண்ணீர்தான் எதிரே ஓடிவரும். பலகை சரிவில் கீழே வழுக்கப் பார்க்கும், எதிர்நீர் அதைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டும் சரிக்குச் சரியாக இருக்கும்வரை ஆள் நிற்பார். இழுப்பு கூடினால் பின்னால் நுரைக்குள் போய்விடுவார். குறைந்தால் பள்ளத்தில் இறங்குவார். பலகையின் மூக்கு தண்ணீருக்குள் நுழையும், நுழைந்த மூக்கை எதிர்நீர் இன்னும் அமுக்கும். பலகையின் ஒவ்வொரு அளவையும் இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நீளத்தை எடுத்துக்கொள்வோம். நிலை அலையின் வளைவு குறுகலானது. நீளமான பலகை ஓடைக்குக் குறுக்கே போட்ட மரப்பாலம் மாதிரி அதன்மேல் கிடக்கும்: மூக்கு பள்ளத்தில், வால் நுரையில், நடுப்பகுதி அந்தரத்தில். கையால் துழாவி அலையைப் பிடிக்கும் வேலையும் இங்கில்லை. கரையில் உட்கார்ந்தோ குதித்தோ நேராக அலைமேல் ஏறுகிறோம். துழாவுவதற்காகக் கடல் பலகையில் கூட்டி வைத்த நீளம் இங்கே வெறும் சுமை. கடலில் 5 அடி 10 அங்குலப் பலகை ஓட்டும் 70 கிலோ ஆளுக்கு 5 அடி முதல் 5 அடி 4 அங்குலம், அகலம் 19 அங்குலத்தை ஒட்டி, மிதப்பைக் காட்டும் கன அளவு 25 முதல் 28 லிட்டர் என்று தொடங்கலாம். கை தேர்ந்தவர்கள் 4 அடி 10 அங்குலம் வரை இறங்குவார்கள். மூக்கு கூராக இல்லாமல் மழுங்கி இருந்தால், குறைந்த நீளத்திலும் நேர்விளிம்பு மிஞ்சும். நன்னீர் கடல்நீரைவிடச் சுமார் 2.5 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. 28 லிட்டர் பலகைக்கு 700 கிராம் மிதப்பு குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வித்தியாசம் இல்லை, ஆனாலும் இரண்டு அளவுகளுக்கு நடுவே தயங்குகிறவர்கள் கூடுதல் லிட்டர் பக்கம் போகலாம்.

மூக்கிலிருந்து வால் வரையுள்ள வளைவை ராக்கர் என்பார்கள். வலுக்குறைந்த, சாய்வான அலைக்கு அது தட்டையாக இருக்க வேண்டும், இழுப்பு குறையும். செங்குத்தான அலையில் அதே தட்டைப் பலகை மூக்கைக் குத்திவிடும், அங்கே முன்பக்கம் நிமிர்ந்திருக்க வேண்டும். வாலும் அப்படியே: வலுவற்ற அலைக்கு அகலம், வேகமான அலைக்கு ஒடுக்கம். விளிம்பு முன்பாதியில் உருண்டும் பின்பாதியில் கூராகவும் இருப்பது நல்லது. நீரை எதிர்கொள்ளும் பக்கத்தின் விளிம்பு கூராக இருந்து சற்றே அமிழ்ந்தால் போதும், ஓடிவரும் நீர் பலகையைக் கவிழ்த்து ஆளை முகம் குப்புறத் தள்ளிவிடும். புதியவர்கள் பலர் விழுவதற்கு இதுதான் காரணம். பழியெல்லாம் காலுக்குப் போகிறது.

ஃபின் பற்றிக் கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. பலகையை மாற்றக் காசில்லாதவர்கள் முதலில் மாற்ற வேண்டியதே அதைத்தான். ஃபின் தரும் பிடி நீர்வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரட்டித்தால் பிடி நான்கு மடங்கு. கடலில் வேகம் ஏறி இறங்கும், இங்கே நீர் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் கடலில் போடும் 11.5 சென்டிமீட்டர் உயர ஃபின்கள் வாலை இறுகப் பிடித்துக்கொள்ளும், குறுகிய அகலத்தில் திரும்ப விடாது. மூன்று ஃபின்களில் முன்னிரண்டு 10 சென்டிமீட்டரும், நடு ஃபின் அதைவிடச் சிறிதாகவும் போட்டால் வால் தேவைப்படும்போது வழுகும். விழுந்தபின் ஆளையும் பலகையையும் ஒரே பக்கம்தான் நீர் அடித்துச் செல்லும் என்பதால், ஃபினின் கூரிய ஓரத்தை 400 எண் உப்புத்தாளால் மழுக்கிவிடுங்கள். ரப்பர் ஓர ஃபின் மட்டுமே அனுமதிக்கும் இடங்களும் உண்டு. வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். மெழுகு தேய்க்க விடுவார்களா என்பதையும் கேளுங்கள். விடாவிட்டால் கால் வழுக்காமல் இருக்கப் பலகைமேல் ஒட்டும் ஒட்டுப்பாய் முன்காலுக்கும் வேண்டும்.

பலகையைக் காலோடு பிணைக்கும் கால்கயிறு விளையாட்டல்ல. 2025 ஏப்ரலில் ஐஸ்பாக்கில் ஒரு பெண்ணின் கால்கயிறு நீரடியில் சிக்கிக்கொண்டது. அவர் சில நாட்களில் இறந்தார். மூடிவைத்த அலையை ஜூன் இறுதியில் மீண்டும் திறந்தபோது, கயிறு கட்டினால் தானாகக் கழலும் வகையாக இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். ஓடும் நீரில் சாதாரண கடல் கயிறு வேண்டவே வேண்டாம். (அதே ஓடையை அக்டோபரில் தூர்வாரியபின் அலையே எழவில்லை. அடித்தளம் சற்று மாறினாலும் அலை மாறும். ஒரே ஓர் இடத்தை நம்பி விலையுயர்ந்த பலகை செய்யக் கொடுப்பவர்கள் யோசிக்கட்டும்.)

குளத்தின் சுவரிலும் ஓடைக் கல்லிலும் மோதுவதால், தெர்மாகோல் வகையான இ.பி.எஸ். நடுப்பகுதியும் எபாக்சிப் பூச்சும் உள்ள பலகையே தாங்கும். ஆனால் கீறல் விழுந்தால் உள்ளே நீர் புகும். ஃபினைச் செருகும் பெட்டியைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். ஊருக்குக் கொண்டுவந்து பழுதுபார்ப்பவர்கள் இதையும் குறித்துக்கொள்ள வேண்டும். நம் கடற்கரையில் ஃபைபர் படகுக்குப் பூசுவது பாலியெஸ்டர் ரெசின். அதை இ.பி.எஸ். மேல் ஊற்றினால் தெர்மாகோல் கரைந்து, விரலளவு ஓட்டை கையளவாகும். ஓட்டையைக் கீழ்நோக்கி வைத்து, சொட்டு நின்று முழுக்கக் காயும்வரை காத்திருங்கள். பிறகு 80 எண் உப்புத்தாளால் சுற்றிலும் சொரசொரப்பாக்கி, எபாக்சியை டப்பாவில் சொன்ன விகிதத்திலேயே கலந்து நிரப்பி, 4 அவுன்ஸ் கண்ணாடித் துணியை ஓரங்குலம் வெளியே நீளும்படி இரண்டு அடுக்கு ஒட்டி, ஒரு நாள் கழித்துத் தேய்க்க வேண்டும்.

கட்டுரையோடு வந்த பலகைப் பட்டியலில் நீளமும் விலையும் மட்டுமே உள்ளன. அடுத்த இணைப்பில் அதைத் திருத்தி வெளியிடும்போது லிட்டர், அகலம், ஃபின் உயரம் மூன்றையும் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சர்ஃப் போர்டு பழுதுபார்க்கும் வாசகர்,
கோவளம்.