செயலாளர் ஆண்டறிக்கை: மூத்தோருடன் தங்கிப் பயிலும் பூர்வகுடிக் கலைஞர்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் சங்க அன்பர்களுக்கும் வணக்கம். ஆஸ்திரேலியப் பூர்வகுடியினரான கார்னா மக்களின் மண்ணாகிய அடிலெய்டில் கூடியிருக்கிறோம் என்பதை மரியாதையுடன் நினைவுகூர்ந்து, இவ்வாண்டின் அறிக்கையைப் பேரவையின்முன் வைக்கிறேன்.

பொங்கல் விழாவும் தமிழ்ப் பள்ளியும் வழக்கம்போல் நடந்தேறின. வளர்ந்துவரும் பூர்வகுடிக் கலைஞர் இருவர் தத்தம் மூத்தோருடன் ஆறு வாரம் தங்கிப் பயில, மண்டபத்தின் பின்கட்டைத் திறந்துவிட்டதே இவ்வாண்டின் புதிய பணி என்பதால், அதைப் பற்றியே விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது.

இந்நகரத்துக்கு இது புதிதன்று. 1970களில் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் இசை ஆய்வாளர் கேத்தரின் எல்லிஸ் முன்னின்று வளர்த்த பூர்வகுடி இசை மையத்தில், பாலைநிலத்திலிருந்து வந்த பிட்ஜன்ட்ஜாட்ஜாரா மூப்பர்களே ஆசான்களாக அமர்ந்து, ஆடலும் பாடலும் இணைந்த தங்கள் 'இன்மா'வைக் கற்பித்தார்கள். இதை அறிந்திருந்தும், வழிகாட்டிகளை நாமே தேர்ந்தெடுக்க முற்பட்டோம். தம் தாயின் அக்காளைத் தவிர வேறெவரும் தம் குலக்கதையை வரையும் உரிமையைத் தமக்குக் கொடுக்க இயலாது என்று ஓவியம் பயில வந்த பெண் எடுத்துரைத்த பிறகே விண்ணப்பப் படிவத்தைத் திருத்தினோம். தாயின் உடன்பிறந்தவளையும் தாய் என்றே அழைப்பது அவர்கள் வழக்கு. பெரியம்மாவின் மடியில் வளர்ந்த நமக்கு இது சொல்லாமலே விளங்கியிருக்க வேண்டும்.

கித்தானைத் தரையில் விரித்து, பெரியம்மா ஒரு பக்கமும் மகள் எதிர்ப்பக்கமும் அமர்ந்து குச்சி முனையால் புள்ளி வைத்தார்கள். மேல், கீழ் என்பதே அந்தப் படத்துக்கு இருக்கவில்லை. நம் உறுப்பினர் பலர் மார்கழிக் கோலத்தை நினைத்து உருகினார்கள். 1971இல் மத்திய ஆஸ்திரேலியாவின் பப்புன்யா என்ற பூர்வகுடிக் குடியிருப்பில் பலகைகளில் தொடங்கிய அந்த ஓவிய மரபில், வெளியார் காணலாகாத புனிதக் குறிகளை மறைப்பதற்கும் புள்ளிகள் பயன்பட்டன என்பதை அறிந்திருந்தால், அந்த ஒப்பீட்டைச் சற்று அடக்கி வாசித்திருப்போம்.

பாட்டெழுதும் இளைஞர் தம் மாமாவுடன் வந்திருந்தார். நம் மிருதங்க ஆசிரியர் ஒரு மாலை அவர்களுடன் வாசித்தார். பதிவு செய்யலாமா என்று கேட்டோம், மாமா வேண்டாம் என்றார், செய்யவில்லை.

மூன்றாம் வாரம் ஓவியரின் ஊரில் ஒரு சாவு நேர, பெரியம்மாவும் மகளும் புறப்பட்டுச் சென்று பத்து நாள் கழித்தே திரும்பினார்கள். தங்காத நாள்களுக்கு உதவித்தொகை இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. எழுதியவன் நானே. துக்கத்துக்குப் போனவரின் கூலியைப் பிடிப்பதை நாமும் இழிவாகவே கருதுவோம் என்று செயற்குழு சுட்டிக்காட்டி, அந்த விதியை நீக்கி முழுத்தொகையையும் வழங்கியது.

பதிப்புரிமையில் மட்டும் தொடக்கத்திலிருந்தே கவனமாக இருந்தோம். 1936இல் வெள்ளைக்கார ஓவியர் ரெக்ஸ் பேட்டர்பீயின் பயணத்தில் ஒட்டகங்களைப் பார்த்துக்கொண்டு, அதற்கீடாக நீர்வண்ணம் பயின்ற பூர்வகுடி ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிரா, பெரும்புகழ் பெற்று 1959இல் மறைந்தார். அவருடைய படங்களின் பதிப்புரிமையோ 2017இல்தான் குடும்பத்தாருக்கான அறக்கட்டளையிடம் திரும்பியது. ஆகவே இங்கு உருவான படங்களும் பாடல்களும் அவரவருக்கே உரியவை. சங்க நாள்காட்டியில் ஒன்றை அச்சிட விரும்பியவர்களுக்கும் இதுவே பதில்.

அடுத்த ஆண்டும் இத்திட்டத்தைத் தொடரவும், மூத்தோருக்கான மதிப்பூதியத்தை உயர்த்தவும், பின்கட்டில் பழுதான வெந்நீர்க் கருவியை மாற்றவும் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்