ஆச்சி எழுந்துவிட்டாள், உங்கள் எல்லாருக்கும் நன்றி

நேற்று ராத்திரி பதினொன்றே காலுக்கு, பால்டர்ஸ் கேட் கேமில் கெட்டுப்போயிருந்த அந்த சேவ், அதாவது நாங்கள் சேமித்துவைத்த ஆட்டம், திறந்தது. ஜர்னலில் எழுத்து இருக்கிறது, ஆட்களுக்குப் பெயர் இருக்கிறது, கேமில் கூட வருகிற இமோயென் பழையபடி வாயாடுகிறாள். கை நடுக்கம் இன்னும் முழுதாக நிற்கவில்லை. இருந்தாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன், நாலு நாள் தள்ளிப்போட்டால் இந்த மனநிலை ஆறிப்போய் வெறும் மரியாதைக்கு எழுதுவது போல ஆகிவிடும்.

பத்து நாளாக என் புலம்பலைப் படித்தவர்களுக்கு நடந்தது தெரியும், அதை மறுபடி விரிக்கப்போவதில்லை. இதே பள்ளத்தில் நாளைக்கு விழப்போகிறவர்களுக்காக மட்டும் சுருக்கமாக: மாட் (ரசிகர்கள் எழுதி கேமில் சேர்க்கிற மாற்றங்கள்) போட்ட பால்டர்ஸ் கேட் என்ஹான்ஸ்டு எடிஷனில், கேமை வாங்கிய கடையின் செயலியில் இருக்கும் "கோப்புகளைச் சரிபார்" பொத்தானை அழுத்தாதீர்கள். அது மாறியிருக்கிற மூலக் கோப்புகளையெல்லாம் பழையபடி ஆக்கிவிடும், மாட் புதிதாகக் கொண்டுவந்து போட்டவற்றை அப்படியே விட்டுவிடும். பாதி வீடு புதிது, பாதி வீடு பழையது. அதனால்தான் எனக்குப் பேச்சு வரவேண்டிய இடத்தில் எல்லாம் "இன்வேலிட்" என்ற சொல்லும் ஓர் எண்ணுமாக வந்துகொண்டிருந்தது.

இனி சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் ராத்திரி ஒன்றே முக்கால் இருக்கும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம் என்று முடிவுசெய்து, கேம் கோப்புறையைத் தேர்ந்தெடுத்து, அழிக்கிற பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோயிருந்தேன். அப்போதுதான் அந்த அண்ணனிடமிருந்து பதில் வந்தது. பெயரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் எழுதியது இவ்வளவுதான்:

"ஒண்டையும் அழிக்காதேங்கோ தங்கச்சி. முதல்ல வைடூ லொக்கையும் சேவ் ஃபோல்டரையும் வேற இடத்தில கொப்பி பண்ணி வையுங்கோ. பிறகு கதைப்பம்."

வைடூ என்பது மாட்களை கேமில் போடுகிற கருவி, போட்டதையெல்லாம் அது எழுதிவைக்கிற கோப்புதான் வைடூ லாக். அவர் பதிலில் தீர்வு எதுவும் இல்லை. என்ன கோளாறு என்றுகூட அவர் அப்போது கேட்டிருக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு வரி வராமல் இருந்திருந்தால் நேற்று ராத்திரி எனக்கு நடந்தது நடந்தே இருக்காது. ஏனென்றால் சேவ் கோப்புகள் டாக்குமென்ட்ஸில் தனியாக இருக்கின்றன, அவை எப்படியும் தப்பியிருக்கும். வைடூ லாக் இருப்பதோ கேம் கோப்புறைக்குள்ளே. நான் அழிக்கப்போனது அதைத்தான். அந்தச் சின்ன எழுத்துக்கோப்பில்தான் எங்கள் இரண்டரை வருடம் இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

நகல் எடுத்துவிட்டேன் என்று சொன்னதும் அடுத்து அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. எந்தப் பதிப்பு, எத்தனை மாட், எந்த இடத்தில் நின்றது என்றெல்லாம் கேட்கவில்லை. "அந்த சேவில என்ன இருக்கு?" என்று கேட்டார்.

நானும் சொல்லிவிட்டேன். தம்பி கப்பலில் வேலை பார்க்கிறான், வருடத்தில் இரண்டு மாதம்தான் வீட்டில் இருப்பான், அவன் வரும்போது மட்டும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆடுகிற சேவ் அது. எங்கள் குழுவில் ஆறு பேர், மூன்று பேர் அவன் பொறுப்பு, மூன்று பேர் என் பொறுப்பு. தலைவி ஒரு அரை எல்ஃப் வில்லாளி. அவளுக்குப் பெயர் வைக்கும்போது எங்கள் ஆச்சி பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், அதனால் ஆச்சி என்றே வைத்துவிட்டோம். இந்த கேமில் மற்றவர்கள் செத்தால் கோயிலுக்குத் தூக்கிப்போய் உயிர்ப்பிக்கலாம், தலைவி செத்தால் அவ்வளவுதான், கேம் முடிந்தது, பழைய சேவுக்குத்தான் போகவேண்டும். முதல் லெவலில் ஒரு ஓநாய் வந்தாலே போதும். திரை இருண்டவுடன் பின்னாலிருந்து குரல் வரும்: "ஏட்டி, அந்தப் புள்ள மறுபடியும் செத்துட்டாளா?" அது தன் பெயர் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்பாள். போன மாசியில் ஆச்சி தவறிவிட்டாள். தம்பியால் வர முடியவில்லை, கப்பல் நடுக்கடலில் இருந்தது. இந்த மாதக் கடைசியில் வருகிறான்.

இவ்வளவையும் அந்த நேரத்தில், முகம் தெரியாத ஒருவருக்கு, எழுத்துப்பிழையோடு அடித்து அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் வந்தது: "எங்கட வீட்டிலயும் ஆச்சி எண்டுதான் சொல்லுறது. சரி, அவவை எழுப்புவம்."

அதற்கு முன்னால் எனக்குக் கிடைத்த யோசனைகள் எல்லாமே "புது கேம் தொடங்குங்கள்" என்றுதான் இருந்தன. அது தப்பான யோசனை இல்லை, சொன்னவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள், நடு ஆட்டத்தில் மாட்களைக் கலைத்தால் பழைய சேவை நம்பக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த பாடம். ஆனால் சேவில் என்ன இருக்கிறது என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். கேட்டதால்தான் வேறு வழி தேடினார்.

அவர் கண்ட வழி இதுதான். இந்த கேமில் ஒவ்வொரு வசனத்துக்கும் ஓர் எண் உண்டு. எல்லா வசனங்களும் டயலாக் டிஎல்கே என்ற ஒரே கோப்பில் இருக்கின்றன, மாட் போடும்போது வைடூ புது வசனங்களை அந்தக் கோப்பின் வாலில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கிறது. சேவ் கோப்பு ஜர்னலின் வசனத்தைச் சேமிப்பதில்லை, எண்ணை மட்டும்தான் சேமிக்கிறது. என் கதையில் வால் அறுந்துபோயிருந்தது, எண்கள் மட்டும் மிச்சம். அப்படியானால் அதே மாட்களை, அதே பதிப்பில், அதே வரிசையில், அதே தேர்வுகளோடு ஒரு சுத்தமான கேமில் போட்டால் வால் மறுபடி அதே எண்களோடுதானே வளரவேண்டும்? அந்த வரிசையும் பதிப்பும் தேர்வும் முழுக்க எழுதியிருக்கிற ஒரே இடம் வைடூ லாக். மாட்டின் பெயர், மொழிக்கு ஓர் எண், பகுதிக்கு ஓர் எண், கடைசியில் பதிப்பு. என்னுடையதில் 61 வரிகள்.

61 வரிகளையும் அவர் உட்கார்ந்து படித்தார். படித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். முதல் வரி டிஎல்சி மெர்ஜர், ஏனென்றால் சீஜ் ஆஃப் டிராகன்ஸ்பியர் என்ற கூடுதல் கதை ஒரு ஜிப் கோப்புக்குள் கட்டிவைக்கப்பட்டு வருகிறது, வைடூவுக்கு அதற்குள் எட்டிப்பார்க்கத் தெரியாது, அதை முதலில் அவிழ்த்தால்தான் மற்றதெல்லாம். அப்புறம் ஆட்களுக்குப் பேச்சு சேர்க்கிற பிஜி1 என்பிசி. எதிரிகளுக்குப் புத்தி கொடுக்கிற ஸ்வோர்டு கோஸ்ட் ஸ்ட்ராட்டஜெம்ஸ் ஏன் கடைசிப் பக்கம் வரவேண்டும் என்பதற்கு அவர் எழுதியது: "இது வந்து இருக்கிற ஆக்கள் எல்லாரையும் பார்த்துத்தான் வேலை செய்யும், ஆக்கள் வந்து சேர முதல் இதைப் போட்டா ஆரைப் பாக்கிறது?" இரண்டரை வருடமாக அந்த மாட்டை வைத்திருக்கிறேன், இப்படி ஒருவரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

எதையும் அவர் செய்து தரவில்லை. எல்லாவற்றையும் என்னையே செய்ய வைத்தார். ஐந்து வரி போடு, நிறுத்து, பழைய லாகையும் புது லாகையும் பக்கத்தில் வைத்துப் பார், ஒத்துப்போகிறதா, சரி, அடுத்த ஐந்து. 34ஆம் வரியில் நான் கேள்விக்குத் தப்பான விடையைத் தட்டிவிட்டேன். அழுகை வந்துவிட்டது. "பரவாயில்ல, முதல்ல இருந்து வருவம், எனக்கும் நித்திரை வரேல்ல" என்றார். நித்திரை வந்திருக்கும். காலையில் அவருக்கு வேலைக்குப் போகவேண்டும் என்று பிற்பாடுதான் தெரிந்தது. இப்படி மூன்று ராத்திரி.

மற்றவர்களையும் மறக்கவில்லை. லாகில் இருந்த ஒரு மாட்டின் பழைய பதிப்பு எங்கே தேடியும் கிடைக்காமல் நாலு நாள் நின்றுபோனோம். தன் பழைய ஹார்டு டிஸ்கை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டித் தேடி அந்த ஜிப்பை அனுப்பிய கோயம்புத்தூர் நண்பருக்கு, அது மட்டும் இல்லையென்றால் எண்கள் அந்த இடத்திலிருந்து வரிசையாகப் பிசகியிருக்கும். நிறுவும் கோப்பை வைரஸ் என்று நினைத்து ஆன்ட்டிவைரஸ் தூக்கிப்போட்டிருக்கிறது, அங்கே போய்ப் பார் என்று ஒரே வரியில் சொன்னவருக்கு. மாட் போடுவதற்கு முன்னால் சுத்தமான கேமை ஒரு தடவை திறந்து மூடச் சொன்னவருக்கு. எதுவும் தெரியாது, ஆனால் கூட இருக்கிறேன் என்று தினமும் எழுதிய இரண்டு பேருக்கு. புது கேம் தொடங்கச் சொல்லிவிட்டு அப்புறமும் விடாமல் என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கும். எல்லாருக்கும் மனசார நன்றி.

இந்த கேம் முதலில் வந்தது 1998இல். என்ஹான்ஸ்டு எடிஷன் 2012இல். இத்தனை வருடம் கழித்தும் யாரோ எங்கேயோ உட்கார்ந்து, காசு வாங்காமல், இதற்கு மாட் எழுதுகிறார்கள், எழுதியதைத் திருத்துகிறார்கள். வெஸ் வைமர் என்பவர் வைடூவை எழுதியபோது ஒவ்வொரு வேலையையும் வரிவரியாகக் குறித்துவைக்கிற மாதிரி எழுதியதால்தான் என் சேவ் பிழைத்தது. இவர்களுக்கெல்லாம் தமிழில் எழுதினால் போய்ச்சேராது, அதனால் மாட் எழுதியவர்களுக்குத் தனியாக ஆங்கிலத்தில் நன்றி அனுப்பப்போகிறேன். ஆனால் ஒன்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு லாக் கோப்பைப் படிக்கத் தெரிந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அதைப் படிப்பதற்கு முன்னால், அதற்குப் பின்னால் இருக்கிற ஆளிடம் உன்னுடையது என்ன, எதைக் காப்பாற்றவேண்டும் என்று கேட்கத் தோன்றுவது வேறு விஷயம். நான் வேலை பார்க்கும் இடத்திலும் கம்ப்யூட்டர் கோளாறு என்று தினம் பத்துப் பேர் வருகிறார்கள். அவர்களிடம் நான் இதுவரை ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்லை. இனி கேட்பேன். முதலில் நகல் எடுக்கச் சொல்வேன், அப்புறம் கேட்பேன், அதற்கப்புறம்தான் மற்றது.

கேமை இப்போது அந்தக் கடைச் செயலிக்குக் கண்ணில் படாத வேறொரு இடத்துக்கு முழுதாக நகலெடுத்து வைத்துவிட்டேன், இனி அந்த நகலில்தான் ஆட்டம். லாகும், 61 வரிக்கும் உரிய மாட் ஜிப்களும், சேவும் இரண்டு பென் டிரைவில் இருக்கின்றன. ஒன்று தம்பியோடு கப்பலுக்குப் போகும். அண்ணன் எழுதிய குறிப்புகளை அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நேற்று சேவ் திறந்ததும் குழுவை ஃபிரெண்ட்லி ஆர்ம் இன் என்ற சத்திரத்துக்குத் திரும்பக் கூட்டிப்போனேன். அந்த வாசற்படியில்தான் டார்னெஷ் என்ற மந்திரவாதி நிற்பான், அவனிடம்தான் எங்கள் ஆச்சி நாலு தடவை செத்தாள். வரைபடத்தில் அந்த இடத்தில் தம்பி ஒரு குறிப்பு குத்திவைத்திருந்தான், ஆங்கில எழுத்தில் தமிழ். "ஆச்சி இங்க நிக்காத". அது அப்படியே இருந்தது.

அதைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்புவதற்குள் அவரே கேட்டுவிட்டார், "ஆச்சி எழும்பிட்டாவோ?"

எழுந்துவிட்டாள் அண்ணா. வருகிற 28ஆம் தேதி தம்பி வீட்டுக்கு வருகிறான்.