உள்வளைவைத் தொடும் முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. பல ஆண்டுகளாகத் திட்டமிட்டபடியே எஞ்சினைப் பிரித்து, அதன் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டை மேசைமேல் ஏற்றிவிட்டாய் என்பதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. ஆனால் காற்று சிலிண்டருக்குள் போகும் வழியான இன்டேக் போர்ட்டின் வாயில், இணைப்பில் கசிவை அடைக்க வைக்கும் தகடான கேஸ்கெட்டை வைத்துக் கோடு கீறியிருப்பதாகவும், காற்று தாராளமாகப் போக அந்தக் கோடு வரை குடையப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். கிரைண்டரை நீ கையில் எடுக்கும் முன் இந்தக் கடிதம் வந்துசேர வேண்டும் என்றே அவசரமாக எழுதுகிறேன்.

கேஸ்கெட்டின் துளை போர்ட்டின் அளவைச் சொல்வதற்காக வெட்டப்பட்டதல்ல. வார்ப்பில் வரும் சிறு விலகல்களுக்கு இடம் விட்டு, எந்தப் பக்கமும் காற்றின் வழியில் நீட்டிக்கொண்டிராதபடி அதைச் சற்றுப் பெரிதாகவே வெட்டுவார்கள். இதை அறியாமல் என் முதல் ஹெட்டில் 32 மிமீ விட்டமுள்ள போர்ட்டுகளை 34 மிமீ ஆக்கினேன். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 13 சதவீதம் கூடிவிடுகிறது, அதே அளவு காற்று செல்லும்போது அதன் வேகம் 11 சதவீதம் குறைந்துவிடுகிறது. பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மேலே திரும்பிய பிறகும் இன்டேக் வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கும் என்பதும், அந்த நேரத்தில் காற்றைச் சிலிண்டருக்குள் தள்ளிக்கொண்டிருப்பது அதன் சொந்த வேகமே என்பதும் உனக்குத் தெரியும். அந்த வேகத்தை நான் என் கையாலேயே அழித்துவிட்டேன். முன்பு மூன்றாவது கியரில் ஏறிய மேட்டில் அந்த வண்டி இரண்டாவது கியரைக் கேட்டது. வெட்டிய உலோகத்தைத் திரும்ப வைக்க வழியில்லை.

போர்ட்டின் வாய் பெரும்பாலும் போதுமான அளவிலேயே இருக்கிறது. காற்று திணறுவது, வால்வு மூடும்போது வந்து அமரும் வளையமான வால்வு சீட்டுக்கு அடியில், கிண்ணம் போலிருக்கும் பகுதியில்தான். சீட்டை வெட்டிய கட்டர் நின்ற இடத்திற்கும் வார்ப்பின் சுவருக்கும் நடுவே கூரான ஒரு விளிம்பு நிற்கும். விரலை விட்டுத் தடவிப் பார், உடனே தெரியும். அதைச் சீட்டின் முகத்தில் ஒரு கீறலும் விழாமல் மெல்ல இழைத்துச் சுவரோடு கலந்துவிட்டாலே வேலையின் நல்ல பங்கு முடிந்துவிடும். சீட்டுக்கு அடியிலுள்ள அந்தத் தொண்டையின் விட்டம் வால்வு விட்டத்தில் 85 முதல் 90 சதவீதத்திற்குள் இருக்கட்டும். உன் 36 மிமீ வால்வுக்கு ஏறத்தாழ 31 முதல் 32 மிமீ. வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடைச் சுற்றியிருக்கும் புடைப்பை இரு பக்கமும் ஒடுக்கிப் படகின் முனை போலாக்கு; ஆனால் கைடையே குட்டையாக்கிவிடாதே, வால்வின் தண்டுக்கு அந்தத் தாங்குதல் வேண்டும், அதன் வெப்பம் வெளியேறும் வழிகளில் அதுவும் ஒன்று.

நான் மிகவும் அஞ்சும் இடம் உள்வளைவு, அதாவது போர்ட்டின் தரை வால்வை நோக்கித் திரும்பும் குறுகிய வளைவு. ஓடிவரும் காற்று நேராகவே போக விரும்புவதால், இந்த வளைவு கூர்மையாக இருந்தால் தரையை விட்டுப் பிரிந்து சுழலத் தொடங்கும். ஆகவே இதை உருட்டி மழுக்க வேண்டும், தாழ்த்தக் கூடாது. தரையைத் தாழ்த்தினால் வளைவு இன்னும் கூர்மையாகும். அதற்கு அடியில் குளிர்நீர் ஓடும் அறையும் இருக்கலாம். இரண்டாவது ஹெட்டில் ஒரு போர்ட்டில் அந்தச் சுவரை ஓட்டையாக்கி, வெல்டிங் செய்து, சீட்டையும் மாற்ற நேர்ந்தது. அதன் பிறகு உலோகம் எடுக்க வேண்டுமென்றால் போர்ட்டின் கூரைப் பக்கத்தில்தான் முதலில் பார்க்கிறேன், அங்கும் சுவரின் கனம் தெரிந்த பிறகே.

ஹெட்டோடு இணையும் குழாய்த்தொகுதியான மேனிஃபோல்டைப் பொறுத்தவரை ஒன்றே சொல்வேன்: இன்டேக்கில் மேனிஃபோல்டின் முனை ஹெட்டின் வாயைவிட ஒரு மயிரிழை சிறிதாக இருக்கலாம், பெரிதாக இருக்கக் கூடாது, பெரிதானால் வரும் காற்றை எதிர்த்து ஒரு படி நிற்கும். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட்டிலும் இதே விதிதான், அங்கே சிறியதாக இருக்க வேண்டியது ஹெட்டின் வாய்.

அலுமினியத்திற்கு அகன்ற பற்கள் கொண்ட கார்பைடு பர்ரை, அதாவது கிரைண்டரில் மாட்டும் வெட்டுமுனையை, வாங்கு. நுண்ணிய பற்களில் உலோகம் அப்பிக்கொள்ளும். அவ்வப்போது பர்ரை மெழுகில் தொட்டுக்கொள். நீண்ட தண்டுள்ள பர்ரைப் போர்ட்டுக்கு வெளியே முழு வேகத்தில் சுழலவிடாதே, தண்டு வளைந்து தெறிக்கும். கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் ஒரு நிமிடம்கூட வேலை செய்யாதே. சீட்டுகளைக் காக்கப் பழைய வால்வுகளைப் பொருத்திக்கொள்.

இன்டேக் போர்ட்டைக் கண்ணாடி போல் மினுக்க உனக்கு ஆசை வரும். வேண்டாம். 80 எண் உப்புத்தாள் விட்டுச்செல்லும் சொரசொரப்பே போதும். உன்னுடையது கார்புரேட்டர் எஞ்சின், வழவழப்பான சுவரில் படியும் பெட்ரோல் காற்றோடு எளிதில் கலக்காமல் ஓடையாக வழியும். எக்ஸாஸ்ட்டை வேண்டுமானால் மினுக்கிக்கொள், கரி படிவது குறையும். முடிந்ததும் ஹெட்டைச் சோப்பும் வெந்நீரும் கொண்டு இரண்டு முறை கழுவி, ஆயில் துளைகள் ஒவ்வொன்றிலும் காற்றை ஊது. அங்கே தங்கும் ஒரு மணல் துகள் பேரிங்கைத் தின்றுவிடும்.

என்னிடம் இப்போது இருப்பது நான்காவது ஹெட். நான்கு போர்ட்டுகளிலும் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி அச்சு எடுத்து, வரிசையாக வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த போர்ட்டுகள் அச்சில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைப் பார்த்தால் நீயும் வியப்பாய். நீயும் தொடங்கும் முன் ஒரு போர்ட்டில் அச்செடுத்து எனக்கு அனுப்பு. உள்வளைவைப் பார்த்துவிட்டு எங்கே எவ்வளவு எடுக்கலாம் என்று எழுதுகிறேன். அதுவரை கிரைண்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்