செயலாளர் ஆண்டறிக்கை: புயல் காலமும் நம் கரையோரக் குடும்பங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தமிழ் வகுப்பும் புரட்டாசி பூசையும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு செயற்குழுவின் உழைப்பில் பெரும்பங்கு மொரீஷியஸின் தென்கிழக்கில் உள்ள நம் மஹேபூர்க் கரையோரக் குடும்பங்களைப் புயலுக்கு ஆயத்தப்படுத்துவதிலேயே சென்றது. ஆகவே அதை விரிவாகச் சொல்கிறேன்.

நவம்பர் முதல் மே நடுப்பகுதிவரை நமக்குப் புயல் காலம். நான்கு எண்கள் கொண்ட புயல் எச்சரிக்கையில் மூன்றாம் எண் ஏறினால் கடையை அடைத்து ஜன்னலுக்குப் பலகை அடிக்க நம்மவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த எண், மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்றை எதிர்பார்த்து ஏற்றப்படுவது. தண்ணீர் அதற்காகக் காத்திருப்பதில்லை. 2013 மார்ச் 30 அன்று, புயலே இல்லாமல் கொட்டிய மழையில் தலைநகர் போர்ட் லூயிசில் 11 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின் வெள்ளம் அதே நகரத் தெருக்களில் கார்களை அடித்துச் சென்றது. முகத்துவாரத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது என்று வீடு வீடாகச் சென்று சொன்னோம்.

ஒரு வீட்டில் பாட்டி ஒருவர் அடையாள அட்டை, மருந்துச் சீட்டு, கணவரின் படம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். “நான் தயார்தான் தம்பி. முழங்கால் வலியோடு என்னை யார் கூட்டிப் போவார்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எங்கள் வேலைக்கே உருவம் வந்தது.

2020 ஆகஸ்டில், நம் கரைக்கு அருகே தரைதட்டிய வகாஷியோ கப்பலின் எண்ணெய் கடலில் பரவியபோது, கரும்புச் சோகையைத் துணியில் திணித்துத் தடுப்பு தைத்தவர்கள் இவ்வூர் மக்கள். கூப்பிடாமலே வந்தார்கள். புயலில் அது நடக்காது. காற்று எழுந்தபின் யாரும் வெளியே வரக் கூடாது. ஆகவே தனித்திருக்கும் முதியோர் ஒவ்வொருவருக்கும் அக்கம்பக்கத்து இளைஞர் ஒருவரைப் பொறுப்பாக்கினோம். இரண்டாம் எண்ணிலேயே, பகல் வெளிச்சத்தில், அவர் வந்து புகலிட மையத்துக்கு அழைத்துச் செல்வார். மழை கடுமையானால் அந்த எண்ணுக்கும் காத்திருக்க மாட்டார்.

தைப்பூசக் காவடி புயல் காலத்தின் நடுவில்தான் வருகிறது. எச்சரிக்கை நிலவும் நாளில் பால்குடத்தை ஆற்றங்கரைக்குப் பதில் கோயில் வளாகத்திலேயே எடுக்கலாம் என்று முடிவு செய்தோம். நேர்ந்துகொண்டவர்கள் சிலருக்கு மனத்தாங்கல். அவர்களின் பக்தியை நான் மதிக்கிறேன். ஆயினும் குழந்தைகளும் நடந்துவரும் ஊர்வலத்தைப் பெருகும் ஆற்றங்கரையில் நிறுத்த முடியாது என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

கோயில் விருந்துக்கான ஏழு கறி சமைக்கும் பெரிய பாத்திரங்களும் அடுப்புகளும் நம் மடப்பள்ளியில் உள்ளன. புயல் ஓய்ந்த மறுநாள் மின்சாரமில்லாத வீடுகளுக்குச் சோறு அங்கிருந்துதான் போக வேண்டும். சாவி இப்போது ஒருவரிடம் மட்டுமே இருக்கிறது. கோயிலை ஒட்டியுள்ள இரு குடும்பங்களிடமும் நகல் கொடுக்கும் தீர்மானத்தைச் சபையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்